ஓட்டையில்லாத துண்டு

முதல் பதில் வந்தபோது, கோவில்பட்டியில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு கையிலும் மை. போனில் மெயில் வந்து விழுந்த சத்தம் கேட்டது. மூக்கால் தொட்டுத் திறந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அப்படித்தான் திறந்தேன்.

"உங்கள் உரிமக் கோப்பு மாற்றப்பட்டிருக்கிறது. முதல் வரியில் அடையாளம் தெரியாத ஓர் எழுத்து இருக்கிறது. கோப்பு பழுதாகியிருக்கலாம். இதைச் சரிசெய்யும்வரை மேற்கொண்டு பார்க்க இயலாது."

அந்த அடையாளம் தெரியாத எழுத்து, உ. பிள்ளையார் சுழி.

பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளைக் கையில் வாங்கியதும் பெயர் எழுதுவதற்கு முன்னால் உ போட்டுப் பழகிய கை இது. கம்ப்யூட்டரில் எழுத ஆரம்பித்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் எழுதிய ஒவ்வொரு கோப்பின் தலையிலும் குறிப்பு வரியாக ஒரு உ இருக்கும். குறிப்பு வரியைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது என்பதால் அது ஒருபோதும் வம்புக்கு வந்ததில்லை. ஆனால் உரிமக் கோப்பு அப்படியில்லை. இந்த மென்பொருளை இன்ன நிபந்தனையில் யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் பத்திரம் அது. உலகம் முழுக்க ஒரே வாசகம். ஓர் எழுத்து கூடினாலும் அது வேறு பத்திரமாகிவிடும். எங்கள் ஊரில் பத்திரம் எழுதுகிறவரே உ போட்டுத்தானே ஆரம்பிக்கிறார் என்று எனக்குள் ஒரு முனகல் எழுந்தது. ஆனாலும் கை கழுவியதும் முதல் வேலையாக அதை எடுத்துவிட்டேன். சட்டம் சட்டம்தான். என் பக்கம் தப்பு இருந்தால் ஒப்புக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. தப்பு இல்லாத இடத்தில் ஒப்புக்கொள்ளச் சொன்னால்தான் என்னால் முடியாது. நான் சொல்ல வந்ததும் அதைப் பற்றித்தான்.

விலையில்லாமல் கிடைக்கிற, யாரும் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளக்கூடிய ஓர் இயங்குதளம் இருக்கிறது. உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து அதைச் செய்கிறார்கள். அதற்கென்று ஒரு பொதுக் களஞ்சியம் உண்டு. நாம் எழுதிய புரோகிராம் அதற்குள் போய்விட்டால் எந்த நாட்டில் இருப்பவரும் ஒரே ஒரு வரி தட்டி அதை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் உள்ளே போவது லேசில்லை. புரோகிராமை அவர்கள் சொல்லும் விதிப்படி மூட்டை கட்டி, பேக்கேஜாக்கிக் கொடுக்கவேண்டும். இன்னொருவர் அதை வரிவரியாகப் படித்துச் சரி என்று சொல்லவேண்டும்; கொடுப்பவர் புதியவர் என்றால், படிப்பவர் ஏற்கெனவே உள்ளே இருப்பவராக இருக்கவேண்டும். இதற்கு ரிவ்யூ என்று பெயர். எல்லாம் பொதுவில் நடக்கும். நாம் குட்டு வாங்குவதையும் உலகமே படிக்கலாம். புதிய பதிப்பு வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிற எதுவும் அடுத்த பதிப்பு வரை காத்திருக்கவேண்டியதுதான்.

கதவு சாத்துவதற்குள் என் புரோகிராம் உள்ளே போகவேண்டும், எப்படி இருக்கிறதோ அப்படியே போகவேண்டும். இந்த இரண்டும்தான் என் ஆசை. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அம்மா புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் யூனிட்டில் உள்பாவாடையும் நைட்டியும் தைக்கிறாள். காலையில் எங்கள் ஊருக்கே வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். அப்பாவுக்குக் கரிசல் காட்டில் உளுந்து, மக்காச்சோளம், மழை விட்ட வழி. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது ஓட்டுப் போடுவதற்கு மட்டும்தான். அதற்குள் உட்கார்ந்து படித்த முதல் ஆள், எங்கள் வீட்டில் நான்.

அம்மாவின் யூனிட் முதலாளியை எல்லாரும் பாய் என்போம். அவருக்குத் துணி ரோலாக வருவதில்லை. மில்லில் மிஞ்சியது, அச்சு பிசகியது, ஓரத்தில் சாயம் பிடிக்காமல் போனது, எங்கேயோ குடோனில் எலி கடித்தது, இப்படி எல்லாம் கலந்து மூட்டை மூட்டையாக வரும். கட்பீஸ் என்பார்கள். ஒரு துண்டு மாதிரி இன்னொன்று இருக்காது. கட்டிங் மாஸ்டர் ஒவ்வொன்றாக மேசையில் விரித்து, ஓட்டையையும் கறையையும் தவிர்த்து, எந்த இடத்தில் முன்பாகம் விழும், எந்த இடத்தில் கை விழும், மிச்சத்தில் பட்டி எடுக்கலாமா என்று குனிந்து யோசித்துச் சாக்பீஸால் கோடு போடுவார். நாள் முழுக்கக் குனிந்தே நிற்பார்.

நான் எழுதிய புரோகிராம் அந்தக் கோடு போடுகிற வேலையைச் செய்யும். மேசைக்கு மேலே கம்பியில் ஒரு போனைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். துண்டை விரித்தால் படம் எடுக்கும். துண்டின் உருவம், ஓட்டை, கறை எல்லாவற்றையும் கண்டுபிடித்து, எந்தப் பாகத்தை எங்கே வெட்டினால் துணி வீணாகாது என்று பக்கத்துக் கம்ப்யூட்டர் திரையில் வரைந்து காட்டும்.

மாஸ்டர் முதல்நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏலே, நான் கண்ணால பாக்கத நீ போனால பாக்குத. என்ன வித்தியாசம்?"

"போனுக்கு முதுகு வலிக்காது மாஸ்டர்."

"அது சரி" என்றார். ஒரு வாரம் கழித்துப் போனபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

கல்லூரியில் கடைசி வருஷத் திட்டமாக நான் செய்ததும் இதுவேதான். மதிப்பெண் போட வந்தவர் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, "டெய்லர் வேலை பாக்கறதுக்கு எதுக்குப்பா இன்ஜினியரிங்?" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே வந்த பிறகுதான், எதற்குச் சிரித்தோம் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. உலகத்துக்குப் பொதுவான களஞ்சியத்தில் இதை வைத்தே தீருவது என்ற எண்ணம் அன்றைக்கு விழுந்தது.

கொடுத்துவிட்டுப் பல வாரம் காத்திருந்தேன். யாரும் எடுக்கவில்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. என்னுடையதை நீ படி, உன்னுடையதை நான் படிக்கிறேன் என்று கைமாற்றிக்கொள்ளலாம். ஒருவர் அப்படி முன்வந்தார். எந்த நாடு, என்ன வயது, ஒன்றும் தெரியாது. பல வருஷமாக உள்ளே இருப்பவர் என்பது மட்டும் தெரிந்தது. அவர் கொடுத்தது, தேவாலயக் கோபுரத்தில் தொங்கும் பெரிய மணிகளைக் கூட்டாக முறை வைத்து அடிப்பவர்கள் கம்ப்யூட்டரில் பயிற்சி எடுப்பதற்கான புரோகிராம். ஒரு மணி தப்பினால் எங்கே தப்பியது என்று காட்டும். ஒழுங்காக எழுதியிருந்தார். நான் வரிவரியாகப் படித்து, இரண்டு இடத்தில் பிசகு காட்டினேன். திருத்தினார். ஒப்புதல் கொடுத்தேன். இதை யார் உபயோகிப்பார்கள் என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. யாரோ மணி அடிக்கிறார்கள். அடிக்கட்டுமே.

அவர் என்னுடையதில் முதலில் பிடித்ததுதான் அந்த உ. அடுத்ததாக, "நிரலில் 786 என்று விளக்கமில்லாத ஓர் எண் நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது. இது என்ன அளவு?" என்று கேட்டார். அது அளவில்லை. எங்களுக்குப் பிள்ளையார் சுழி மாதிரி பாய்க்கு 786; புரோகிராம் அச்சடிக்கும் வெட்டுச் சீட்டின் தலையில் அது வேண்டும் என்று சொன்னார். "அப்ப எனக்கு உ வேணும், வெட்டுறது நான்தான" என்றார் மாஸ்டர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தேன். ரிவ்யூ பார்த்தவர் கேட்டதும் நியாயம்தான். சீட்டின் தலையில் அவரவர் விரும்பியதை அவரவரே எழுதிக்கொள்ளும்படி மாற்றினேன்.

மூன்றாவதாக, இதற்குப் பயனர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன்.

நான்காவது குறிப்புதான் மோதலில் கொண்டுபோய் விட்டது.

"துணி ரோலாக வரும். அதன் அகலம் மாறாது. உங்கள் புரோகிராமோ ஒழுங்கற்ற துண்டுகளையும் ஓட்டைகளையும் இயல்பானவையாக எடுத்துக்கொள்கிறது. ஓட்டையுள்ள துணி என்பது உள்ளீட்டுப் பிழை. அங்கே பயனரை எச்சரித்து நிறுத்தவேண்டும். ஓட்டையைக் கையாளும் பகுதி இருக்கட்டும், ஆனால் அணைந்த நிலையில் இருக்கட்டும். தேவைப்படும் சிலர் அதை இயக்கிக்கொள்ளலாம். இதை மட்டும் மாற்றிவிட்டால் இன்றே ஒப்புதல் தருகிறேன். கதவடைப்பு நெருங்குகிறது என்பதையும் நினைவுபடுத்துகிறேன்."

அவர் நல்ல மனதோடுதான் எழுதியிருந்தார். மாற்றவேண்டியது ஒரே வரி. ஆம் என்று இருக்கிற இடத்தில் இல்லை என்று போடவேண்டும். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. கை விசைப்பலகை வரை போனது. தட்டவில்லை.

அந்தச் சனிக்கிழமை யூனிட்டுக்குப் போனேன். பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"ஒரு வரிதான தம்பி? மாத்திக் குடுத்துட்டு உள்ள போயிருங்க. வாசல் சின்னதா இருந்தா குனிஞ்சுதான் போகணும். உள்ள போன பெறகு நிமுந்துக்கிடலாம்."

"குனிஞ்சு போனவங்க நிமுந்து பாத்திருக்கீங்களா பாய்?"

அவர் கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கினார். "நீங்க கடை வைக்க லாயக்கில்ல" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு டீ சொன்னார்.

அம்மா மிஷினில் இருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள். "என்னவாம்லே அவனுக்கு?"

"ஓட்ட இருந்தா அது துணியே இல்லங்கான்மா. தப்புங்கான்."

மிஷின் நின்றது. "அப்ப இம்புட்டு வருசமா நான் தச்சதெல்லாம் என்னதாம்?"

பக்கத்து மிஷின் அக்கா விடவில்லை. "ஏட்டி, கேட்டியளா? இவிய மவன் ஓட்டையப் பத்தி வெள்ளக்காரன்ட்ட சண்ட போடுதானாம்!"

"அவன் வெள்ளையா கறுப்பான்னு எனக்குத் தெரியாதுக்கா."

"என்ன நெறமா இருந்தா என்ன, அவன் வீட்டு நைட்டியப் பிரிச்சுப் பாக்கச் சொல்லு. எந்த ஓட்டையச் சுத்தி வெட்டுனதோ, யாரு கண்டா?"

வரிசை முழுக்கச் சிரிப்பு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த பாவாடையை விரித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அதில் ஓர் ஓட்டையும் இல்லை. அது வெட்டப்பட்ட துண்டில் இரண்டு இருந்தன. அது எனக்குத் தெரியும், மாஸ்டருக்குத் தெரியும், வாங்கி உடுத்தப்போகிறவளுக்குத் தெரியவே போவதில்லை.

பஸ்ஸில் திரும்பும்போதே பதிலை எழுத ஆரம்பித்தேன். நான் தமிழில் படித்தவன். என் ஆங்கிலம் நடந்து பழகாத புதுச் செருப்பு மாதிரி, கடித்துக்கொண்டே வரும். ஆனாலும் அன்றைக்கு நன்றாகவே நடந்தது.

"ரோல் என்பது ஓட்டையில்லாத, அகலம் மாறாத ஒரு துண்டு, அவ்வளவுதான். என் புரோகிராமிடம் ரோலைக் கொடுத்தாலும் ஓடும், துண்டைக் கொடுத்தாலும் ஓடும். ரோலுக்கென்று எழுதியதிடம் துண்டைக் கொடுத்தால் நின்றுவிடும். இதில் எது பொது, எது விதிவிலக்கு என்று நீங்களே சொல்லுங்கள். ஓட்டையைப் பார்த்ததும் எச்சரித்து நிறுத்தச் சொல்கிறீர்கள். நிறுத்தினால் எங்கள் ஊர் யூனிட்டில் காலையில் இருந்து மாலை வரை எச்சரிக்கை மட்டும்தான் வரும், வேலை வராது. பயனர்களில் சிலர் என்று நீங்கள் சொல்பவர்கள்தான் இந்தப் புரோகிராம் எழுதப்படக் காரணமானவர்கள். அவர்களை அணைந்த நிலையில் வைக்க எனக்குச் சம்மதமில்லை. இந்த வரியை நான் மாற்றப்போவதில்லை."

கீழே இன்னொரு வரி எழுதினேன்: "உங்கள் மணிப் புரோகிராமைப் படித்தபோது, மணி எதற்கு என்று நான் கேட்கவில்லை." பாதி வழியில் அதை அழித்தேன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்கு முன்னால் மறுபடி எழுதி அனுப்பிவிட்டேன்.

பதில் இல்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது. கதவு சாத்தப்பட்டது. புதிய பதிப்பு வெளியாயிற்று. அதில் புதிதாகச் சேர்ந்தவற்றின் வரிசையைத் திறந்து பார்த்தேன். மணி அடிக்கிற புரோகிராம் இருந்தது. என் ஒப்புதலில் உள்ளே போனது. என்னுடையது இல்லை.

கடையில் என்னோடு வேலை பார்ப்பவன் கேட்டான். "ஒத்த வரிக்கு ஒத்தக் கால்ல நின்னு என்னலே கண்ட? மணிக்காரன் உள்ள போயிட்டான். நீ வெளிய நிக்க."

"நிக்கேன். ஒனக்கு எங்கன வலிக்கி?"

வலித்தது எனக்குத்தான். அதை அவனிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அந்த ஒரு வரியை மாற்றியிருந்தால் உலகத்தில் எவன் கம்ப்யூட்டரிலும் என் புரோகிராம் இப்போது இருந்திருக்கும். அப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். மதிப்பெண் போட்டவருக்கு ஒரு மெயில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தப் புரோகிராமில் அம்மாவின் யூனிட் ஒரு பிழையாக இருந்திருக்கும். எத்தனை முறை புரட்டிப் போட்டாலும் கணக்கு அங்கேயே வந்து நின்றது.

சும்மா இருக்கவும் இல்லை. வாயால் சொன்னதைச் செய்து காட்டிவிடுவது என்று இறங்கினேன். ரோல் துணிக்கான சோதனைகளை நானே எழுதி, என் புரோகிராம் எல்லாவற்றையும் தாண்டுவதைப் பதிவு செய்தேன். பிறகு துண்டுகளுக்கான சோதனைக்கு நிஜத் துணிகளைப் படம் எடுக்க யூனிட்டுக்குப் போனேன். எலி கடித்தது, சாயம் ஓடியது, நடுவில் நூல் பிரிந்து வலை மாதிரி ஆனது என்று மாஸ்டர் மூட்டைக்குள் தலையை விட்டுப் பொறுக்கிப் போட்டார். பெரிய துண்டுகளைச் சுருக்கமில்லாமல் பிடிக்க ஆள் தேவைப்பட்டது.

"மூஞ்சி தெரியுமாலே?" பக்கத்து மிஷின் அக்கா கேட்டாள்.

"தெரியாதுக்கா. கைதான் தெரியும்."

"அப்ப இரு. நல்ல வளையலப் போட்டுட்டு வாரேன்."

படங்களைச் சேர்த்து, அதே பொதுப் பக்கத்தில், அதே விவாதத்தின் கீழே போட்டேன். மாற்றமாட்டேன் என்ற வரியை மறுபடியும் எழுதினேன், இந்தமுறை கொஞ்சம் மரியாதையாக.

அப்புறம்தான் அந்த ஆள் வாய் திறந்தார். அதுவும் எப்படி? "இந்தப் படங்கள் யாருடையவை? எந்த உரிமத்தில் வெளியிடப்படுகின்றன?" அவ்வளவுதான் மெயில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படங்கள் நான் எடுத்தவை, துணியைப் பிடித்திருக்கும் கைகளுக்குரியவர்களின் சம்மதம் உண்டு, புரோகிராமுக்கு உள்ள அதே உரிமம்தான் படங்களுக்கும் என்று எழுதினேன். உரிமக் கோப்பில் உ இல்லை என்பதை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து அடுத்த மெயில் வந்தது. "முதலில் ரோல்களை மட்டும் கொடுத்து ஓட்டினேன். பிறகு உங்கள் படங்களைக் கொடுத்து ஓட்டினேன். இரண்டிலும் முடிவு சரியாக இருக்கிறது. பிறகு ஓட்டையைப் பார்த்தால் நிறுத்தும்படி நானே மாற்றி ஓட்டினேன். உங்கள் எல்லாப் படங்களிலும் நின்றுவிட்டது. இயல்புநிலை இப்போது உள்ளபடியே இருக்கட்டும். உதவிப் பக்கத்தில் இரண்டு இடங்களில் வரி உடைந்திருக்கிறது, திருத்தவும். ஒப்புதல் அளிக்கப்பட்டது."

வருத்தம் தெரிவித்தாரா என்று கேட்டால், இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. மணியைப் பற்றி நான் எழுதியதற்கும் அவர் பதில் சொல்லவில்லை. உதவிப் பக்கத்தை அன்றைக்கே திருத்தினேன். அவர் சொன்ன இரண்டு இடத்தோடு, அவர் கண்ணில் படாத மூன்றாவது ஒன்றையும்.

அடுத்த பதிப்பு வெளியான பிறகு யூனிட்டில் இருந்த கம்ப்யூட்டரில் என் பழைய பிரதியைத் துடைத்தெடுத்தேன். களஞ்சியத்தில் இருந்து புதிதாக இறக்கவேண்டும் என்பது என் பிடிவாதம். அந்த வரியை மாஸ்டரையே தட்டச் சொன்னேன். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். திரையில் என்னென்னவோ ஓடி, நின்றது.

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "அம்புட்டுதானா?" என்றாள். "இதுக்கா இம்புட்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிட்டுத் திரிஞ்ச?"

"அம்புட்டுதான்மா."

அவள் மிஷினுக்குப் போய்விட்டாள். மாஸ்டர் ஒரு துண்டை எடுத்து மேசையில் விரித்தார். ஒரு மூலை மழுங்கி, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிசல். மேலே இருந்த போன் படம் எடுத்தது. திரையில் கிழிசலைச் சுற்றிக் கோடுகள் விழுந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்.

"இதுல ரோலுக்கும் வருமாலே?"

"வரும் மாஸ்டர்."

"அப்ப ரோல்காரனும் நம்ம வழிக்கு வந்துட்டான்னு சொல்லு."

"வரல மாஸ்டர். நாமதான் அங்கன போய் உக்காந்திருக்கோம்."

"எந்திரிக்கச் சொன்னா?"

"எந்திரிக்க மாட்டோம்."